முதல் தண்ணீர்

செம்மணல் தேரிக்கு நடுவிலே ஒரு சின்ன மாதா கோயில். யார் கட்டினது, எந்தக் காலத்தில் கட்டினது என்று சுற்று வட்டாரத்தில் ஒருத்தருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆடிக் காற்று எழும்பினால், காலையில் வாசலில் இருந்த மணல்மேடு மத்தியானம் கிணற்றடியில் போய் நிற்கும். மேடுதான் நகர்ந்ததா, இல்லை கோயில்தான் நகர்ந்துவிட்டதா என்று பார்க்கிறவருக்கே ஒரு மயக்கம் வரும். கடல் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

கோயிலை ஒட்டின ஓலைக் குடிசையில் வலேரியம்மாள் இருந்தார். நாற்பத்தாறு வயது. பேச்சு குறைவு. தேடி வருகிறவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் மணலைக் கூட்டித் தள்ளுவார். மறுநாள் அதே மணல் வந்து கிடக்கும். மறுபடியும் கூட்டுவார்.

அவருடைய சீடர் இஞ்ஞாசி. சீடருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருசத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை இவர் ‘தாயே’ என்பார். அவர் இவரை ‘அண்ணே’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த இரண்டு பேருக்கும் வராது.

இஞ்ஞாசி இங்கே வந்து பதினோரு மாதம் ஆயிற்று. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அண்ணன் தொம்மையின் வீட்டில்தான் அதுவரை சாப்பாடும் படுக்கையும். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து, வாயும் கோணிப்போயிற்று. படுக்கையில் விழுந்த மூன்றாம் வாரம், கடவுள் தன்னைக் கூப்பிடுகிறார் என்று இஞ்ஞாசிக்குத் தோன்றியது. பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அவருக்கு இப்போது ஒரே ஒரு ஆசை. மாதா திருநாளன்று வலேரியம்மாள் கையால் வெள்ளை அங்கி வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் பிறகு ஊர் இல்லை, வீடு இல்லை, கண் மூடும்வரை இந்தத் தேரிதான். அங்கி தைத்து ஆணியில் தொங்குகிறது. திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்.

சனிக்கிழமை தோறும் காலையில் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். பூசை முடிந்ததும் திராட்சை இரசப் பாத்திரம் துடைத்த சின்னத் துணியைத் துவைப்பது இஞ்ஞாசியின் வேலை. அதை அவர் செய்கிற அழகே அழகு. அதற்கென்று தனியாக ஒரு கண்ணாடிச் சட்டி. மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அதில் முதல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, மனுசர் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது. பூசையில் நன்மையாகக் கொடுக்கிற அப்பத்தின் துணுக்கு ஏதாவது துணியில் ஒட்டியிருந்தால்? அதனால் கோயிலுக்குப் பின்னாலே நிற்கிற புன்னைமரத்து மூட்டில், வேரோரமாக ஊற்றுவார். ஊற்றும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

ஞான உபதேசத்திலும் அவர் கெட்டி. செபம் படிக்க வருகிற பெண்களிடம் சொல்லுவார்: “கடுகத்தனை துணுக்கா இருந்தாலும் அதுக்குள்ள ஆண்டவர் முழுசா இருக்கார். அவருக்கு அரை டிக்கெட்டே கிடையாது, பாத்துக்கிடுங்க. எப்பவும் முழு டிக்கெட்தான்.”

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பாடம் மட்டும் மறக்காது.

அந்தச் சனிக்கிழமையும் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, முதல் தண்ணீரைப் புன்னை மூட்டில் ஊற்றினார். செம்மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. ஈரத் தடம்கூட இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பல நாளாக அவருக்கு ஒரு கனவு. மணலுக்குக் கீழே அந்தத் தண்ணீர் தூங்காமல் நடந்துகொண்டிருக்கிறது. எங்கேயோ ஒரு வாசலைத் தேடிப் போகிறது. வாசல் தெரிகிறதுக்குள் விழிப்பு வந்துவிடும்.

“தாயே, நான் ஊத்துற தண்ணி எங்க போய்ச் சேருது?”

வலேரியம்மாள் கூட்டிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு என்ன தோணுது அண்ணே?”

“தெரியல. ஆனா நிக்காமப் போவுது.”

“போகட்டும்” என்றார் வலேரியம்மாள்.

வெயில் சாய்கிற நேரத்தில், மணல்மேட்டுக்கு மேலே ஒரு உருவம் தெரிந்தது. காற்றில் செம்மண் புகைந்தது. அது நடந்து வருகிறதா, மிதந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் பிரகாசி மதினி என்று இஞ்ஞாசிக்குத் தெரிந்தது. அண்ணன் தொம்மையின் மனைவி. ஒரு கையில் பையும் முருங்கைக்காய்க் கட்டும். மறு கையை முன்னால் நீட்டி, காற்றைத் தடவித் தடவி நடந்து வந்தார்.

“கொழுந்தனாரே, இது நீங்கதானா? இல்ல மரமா?”

“நான்தான் மதினி. என்ன இவ்வளவு தூரம்?”

“ரெண்டு பஸ் மாறி வாரேன். ஒருத்தனும் சீட்டு தரல. கண்டக்டர் வீட்டு ஆளுன்னு சொன்னேன். எந்தக் கண்டக்டர்னு கேட்டான். ஓடிப்போன கண்டக்டர்னா சொல்ல முடியும்?”

வலேரியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, காயை வாங்கி வைத்தார்.

மதினி குடித்துவிட்டு விசயத்துக்கு வந்தார். “திங்கக்கிழமை எனக்குக் கண் ஆபரேசன். ஒரு கண்ணு ஏற்கெனவே போச்சு. இதையும் விட்டா நான் தொட்டுத் தொட்டுத்தான் பாக்கணும். பத்து நாள் குனியக் கூடாதாம், தூக்கக் கூடாதாம். உங்க அண்ணனைக் குனியாமப் பாக்க முடியுமா? பத்தே பத்து நாள் வந்து இருங்க.”

“பத்து நாளா?”

“அதுக்கப்புறம் இங்கயே வந்து கிடங்க. நான் கேக்கவே மாட்டேன்.”

“மதினி, வார சனிக்கிழமை திருநாள். அன்னைக்கு நான் அங்கி வாங்கணும். ஆபரேசனை அடுத்த மாசம் வச்சுக்கிடக் கூடாதா?”

“என் கண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றார் மதினி.

இஞ்ஞாசி வலேரியம்மாளைப் பார்த்தார். தனக்காக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தார். வலேரியம்மாள் கால் பக்கத்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைக் கடவுளுக்குன்னு விட்டுருங்க மதினி. வேற யாரையாவது வச்சுப் பாருங்க.”

“வேற யாரு இருக்கா?”

மதினி பெருமூச்சு விட்டு எழுந்தார். அப்போதுதான் தோளில் கிடந்த துணியைத் தடவிப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

“பாருங்களேன், உங்க அண்ணனுக்கு வாய் துடைக்கிற துணி. எப்பவும் தோள்ல கிடந்து பழகிட்டு. போட்டது போட்டபடி பஸ் ஏறி வந்திருக்கேன். வேர்வையில நனைஞ்சே போச்சு.”

கொடி இருக்கிற திசையைத் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் துணியைப் போட்டார். காலையில் துவைத்துப் போட்ட பீடத்துத் துணிக்குப் பக்கத்திலேயே அது விழுந்தது.

இஞ்ஞாசி பதறி எழுந்தார். “மதினி! அங்க போடாதிய! அது பீடத்துத் துணி காயுற கொடி!”

“ரெண்டு நிமிசம் காத்துல காயட்டுமே.”

“எச்சித் துணிய எங்க கொண்டுவந்து போடுதிய!”

கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, துணியை நுனியில் தூக்கி, எட்டத்தில் மணலில் போட்டார். நாற்றம் காற்றோடு வந்து மூக்கைத் தொட்டுப் போயிற்று. அவருக்குத் தெரிந்த நாற்றம்தான்.

மதினிக்குக் குரல் உயரவில்லை. “எச்சித் துணிதான். நன்மையும் அதுலதான் இருக்கும்.”

“என்னது?”

“நேத்து மாசத்து முதல் வெள்ளில்லா? எங்க ஊர்ச் சாமியார் படுக்கையில கிடக்கவங்களுக்கெல்லாம் நன்மை கொண்டுவந்தாரு. உங்க அண்ணனுக்கு ஒரு துணுக்கைத் தண்ணியில போட்டு ஸ்பூன்ல குடுத்தாரு. பாதி உள்ள போச்சு. பாதி வாயோரமா வழிஞ்சிட்டு. இந்தத் துணியாலதான் தொடச்சேன். வேற என்ன செய்ய?”

இஞ்ஞாசியின் கையில் இருந்த குச்சி கீழே விழுந்தது.

பாதி என்கிறார் மதினி. பாதி என்று ஒன்று கிடையாதே என்று இஞ்ஞாசியின் சொந்தக் குரலே அவர் காதில் கேட்டது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்த சத்தமும் கேட்டது.

“அங்க... அந்தத் துணியளைத் துவைச்ச தண்ணிய எங்க ஊத்துவிய மதினி?”

“முருங்கை மூட்டுலதான். ஓடையில விட்டா வாசல் நாறும்லா. தினமும் குடிச்சுக் குடிச்சு மரம் காய்ச்சுத் தள்ளுது. இந்தா, கொண்டு வந்திருக்கேனே.”

காற்று ஒரு நிமிசம் நின்றது. கடல் சத்தம் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

மதினி பையை எடுத்துக்கொண்டார். “நாலரை வண்டிய விட்டா இனி ஆறரைக்குத்தான். வாரேன் கொழுந்தனாரே. அந்தத் துணி உங்களுக்கு அருவருப்பா இருந்தா அங்கயே கிடக்கட்டும். வீட்டுல இன்னும் பத்துத் துணி கிடக்கு.”

கையை முன்னால் நீட்டிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார்.

இஞ்ஞாசி துணி கிடந்த இடத்துக்குப் போனார். முழங்காலில் நின்றார். இரண்டு கையாலும் எடுத்தார், மணல்கூடச் சிந்தாமல்.

“தாயே, இப்ப நான் என்ன செய்யணும்?”

“உபதேசம் என்ன சொல்லுது அண்ணே?” என்றார் வலேரியம்மாள்.

இஞ்ஞாசி எழுந்து கோயிலுக்குள் போய்க் கண்ணாடிச் சட்டியை எடுத்து வந்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்தார். துணியை விரித்தபோது ஓரத்தில் ஒரு நீலக் கரை தெரிந்தது. அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்த துணி. அந்த வேட்டியை ஒரு கிறிஸ்துமசுக்கு எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

தண்ணீர் பட்டதும் நாற்றம் எழும்பிற்று. முகத்தைத் திருப்பவில்லை. முதல் தண்ணீர். இரண்டாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார், கொடியில் போட மறந்தவர்போல.

முதல் தண்ணீரைப் புன்னை மூட்டுக்குக் கொண்டுபோனார். ஊற்றினார். மணல் குடித்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே, வெகு கீழே, தண்ணீர் நடந்தது. தேரியைத் தாண்டி, இரண்டு பஸ் தூரம் தாண்டி, ஒரு கொல்லையில் வந்து ஒரு மரத்து வேரில் ஏறிற்று. இந்தத் தடவை விழிப்பு வரவில்லை. அவர் விழித்துத்தான் இருந்தார்.

திரும்பி வந்தார். வாசலில் வலேரியம்மாள் மதினி போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடிசைக்குள் ஆணியில் அங்கி காற்றில் ஆடிற்று. இஞ்ஞாசி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“தாயே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“இது வெள்ளிக்கிழமைத் துணி. இதை எப்படித் துவைக்கணும்னு எனக்குத் தெரியும். நன்மை இல்லாத நாள் துணி இருக்கே. திங்கக்கிழமைத் துணி, செவ்வாக்கிழமைத் துணி. அதையெல்லாம் எப்படித் துவைக்கணும்?”

வலேரியம்மாள் யோசித்தார். பிறகு மணல்மேட்டைக் காட்டினார். தூரத்தில் மதினியின் சேலை ஒரு புள்ளியாக அசைந்தது.

“எனக்கு அது தெரியாது அண்ணே. பதினோரு மாசமாத் துவைக்கிறவங்க அதோ போறாங்க. கண்ணு தெரியாததால மெதுவாத்தான் நடப்பாங்க. இப்ப ஓடினா வண்டிக்கு முன்னால பிடிச்சிரலாம்.”