அடையாளச் சீட்டுக்கு அளவு வந்த கதை

அந்தக் காலத்தில், இணையம் நான்கு தெரு ஊராக இருந்தபோது, அங்கே போய்வரும் சீட்டுகளுக்கெல்லாம் வாய் இருந்தது. பேசும், சண்டை போடும். வயிறும் எரியும்.

அந்த ஊரில் இரண்டு வீடுகள். ஒன்று விண்ணப்ப வீடு. கல்லூரியில் சேர வருகிறவர்களின் விண்ணப்பத்தை மரகதம் அங்கே வாங்கிக்கொள்வாள். இன்னொன்று சான்றிதழ் வீடு. எல்லோருடைய மதிப்பெண் பட்டியலும் அங்கே பூட்டிக் கிடக்கும். வாசலில் பிச்சமுத்து காவல். பட்டியலுக்கு உரியவர் நேரில் வந்து "கொடுக்கலாம்" என்று சொன்னால், பிச்சமுத்து ஒரு சாவிச் சீட்டு எழுதித் தருவார். அதைக் காட்டித்தான் மரகதம் பட்டியலை வாங்க முடியும்.

வழியில் யாராவது கள்ளச் சாவியைச் செருகிவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே மரகதம் ஓர் அடையாளச் சீட்டும் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதில் புதிதாகச் சில எழுத்துகளை எழுதி, நகல் எடுத்துக்கொண்டு, சான்றிதழ் வீட்டுக்கு அனுப்புவாள். அது சாவிச் சீட்டைக் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்ப வேண்டும். நகலோடு ஒத்துப்போனால் சாவி செல்லும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாவியைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

சாவிச் சீட்டுக்குப் பத்து நிமிடம்தான் உயிர். ஆனாலும் அது வந்து நின்றால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வெயிலில் போய் அதை அழைத்துவந்த அடையாளச் சீட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பின்னால் அது செய்த காரியத்தை நினைத்தாலும் எனக்கு அதன்மேல் முழுக் கோபம் வருவதில்லை. கல்யாண வீட்டில் பெண்ணைக் கைபிடித்து அழைத்துவரும் தோழியிடம், சாப்பிட்டாயா என்று யார் கேட்கிறார்கள்?

'பத்து நிமிடத்தில் சாகப்போகிறதுக்கு இவ்வளவு மரியாதையா' என்று அது உள்ளுக்குள் புகைந்தது. ஒருநாள் மரகதத்திடம் போய்க் குழைந்தது.

"அக்கா, என்மேல இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன்."

"எதுக்கு? இந்த நாலு எழுத்து போதுமே."

"வந்தவங்க பேரு, ஊரு எல்லாத்தையும் நானே சுமந்துட்டு வந்துடுவேன். நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல பாருங்க."

மரகதத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்வது பெரும்பாடு. எழுதினாள். முதலில் பெயர், பிறகு ஊர், பிறகு கேட்ட படிப்பு. சீட்டு நாளுக்கு நாள் நீண்டது. சாவிச் சீட்டு உள்ளங்கை அளவுதான். அதன் பக்கத்தில் நீளமாக நடந்து வரும்போது இதற்குத் தாங்காத பெருமை.

சான்றிதழ் வீட்டில் சீட்டு வைக்க ஒரு மரப்பெட்டி இருந்தது. ஒரு முழ நீளம். அதற்குள் அடங்காமல் தொங்குவதைப் பிச்சமுத்து கத்தரித்துவிடுவார். இப்படி ஒரு வழக்கம் தனக்கு உண்டு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஒருநாள் நாலரை மணிக்குச் செங்கமலம் என்ற பெண் ஓடிவந்தாள். நர்ஸ் படிப்புக்கு அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கல்லூரிக் கதவை அடைத்துவிடுவார்கள்.

"ரெண்டு வருஷம் வீட்டுல சண்டை போட்டு இப்பத்தான் சரின்னாங்க அக்கா. எப்படியாவது சேத்துருங்க," என்றாள்.

"அவங்க அப்பா பேரையும் எழுதுங்க," என்றது அடையாளச் சீட்டு. மரகதம் அவசரத்தில் அதையும் எழுதி அனுப்பினாள். கூடவே செங்கமலமும் போய் "கொடுக்கலாம்" என்றாள். பிச்சமுத்து சீட்டைப் பெட்டியில் வைத்தார். ஒரு வரி தொங்கியது. கத்தரித்துவிட்டு, சாவிச் சீட்டை எழுதிச் சேர்த்து அனுப்பினார்.

பாதி வழியில் சாவிச் சீட்டு கேட்டது. "அண்ணே, உங்க கடைசி வரியைக் காணோமே. திரும்பிப் போய்ச் சொல்லிருவமா?"

வெட்டுப்பட்டது அடையாளச் சீட்டுக்கும் தெரியும். ஆனால், நான் இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்று இன்றைக்காவது தெரியட்டும் என்று அதற்குத் தோன்றியது.

"உன் வேலையைப் பாரு. எனக்கு ஒண்ணும் ஆகல."

மரகதம் நகலோடு ஒத்துப் பார்த்தாள். "இது நான் அனுப்பினது இல்ல," என்று சாவிச் சீட்டை இரண்டாகக் கிழித்தாள். அடையாளச் சீட்டுக்கு ஒரு கணம் இனித்தது. அப்புறம்தான் செங்கமலத்தின் முகத்தைப் பார்த்தது.

செங்கமலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே நீளம், அதே கத்தரி. இன்னொரு சாவியும் கிழிந்தது. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று அப்போதும் அது வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை செங்கமலம் விண்ணப்பத்தை நீட்டியபோதுதான் சொன்னது.

"அக்கா, நான் ரொம்ப நீளம். அங்க என்னை வெட்டுறாங்க. நாலு எழுத்த விட்டுட்டு மீதியை அழிச்சிருங்க."

மரகதம் அழித்தாள். சீட்டு ஓடியது, சாவியோடு வந்தது, நகலோடு ஒத்துப்போனது, பட்டியலும் வந்தது. அப்போது மணி ஐந்தே கால். கதவு அடைத்திருந்தது.

செங்கமலம் யாரையும் திட்டவில்லை. "முதல் தடவையே சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் கேட்டாள். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த பிச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார். சீட்டுக்கு அப்போது போன வாய் திரும்பி வரவே இல்லை.

அந்த ஊருக்கு விதி எழுதும் பெரியவர்களிடம் பேச்சு போனது. எந்தச் சீட்டு எவ்வளவு நீளம் வரலாம் என்று வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும், மீறி வந்தால் வெட்டக் கூடாது, நீளம் அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி எழுதினார்கள்.

அன்று முதல்தான் இணையத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போகும் சீட்டுகளுக்கெல்லாம் அளவு வந்தது. அடையாளச் சீட்டில் இன்று பெயரும் இல்லை, ஊரும் இல்லை, அர்த்தமில்லாத சில எழுத்துகள் மட்டுமே. அது ஆசைப்பட்டபடி, சாவியைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் அதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள், முழுசாக இருக்கிறதா என்று. செங்கமலத்துக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.