சிவப்புப் பக்கம் ஒதுங்கின கோடு

ஒரு ஊர்ல ஒரு வளையல்காரி இருந்தா, பேரு பொம்மக்கா. காலை நீட்டிப் படு, சொல்றேன். தெருத்தெருவா விக்கிறவ இல்ல, உலையில கண்ணாடி காய்ச்சி வளையல் பண்றவ. அந்த உலை அவ கொள்ளுப்பாட்டி மூட்டினது, ஒரு நாளும் அணைஞ்சதில்ல. அணைஞ்சா உள்ள கண்ணாடி இறுகிப் பானை டப்புனு வெடிச்சுடும். அவளுக்கு ஒரே மக, நாச்சி. நிறைமாசம், இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. ம் சொல்லு.

அப்போ ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்துல, மேக்கால மலைக்கு மேல புதுசா ஒரு நட்சத்திரம். செக்கச்செவேல்னு. மறுநாள் இன்னும் பெருசு. அதுக்கு மறுநாள் இன்னும் பெருசு. ஜனங்க வாசல்ல நின்னு பார்த்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அரண்மனை ஜோசியர், "அது நெருப்பு. நம்ம ஊரு மேல விழ வருது"ன்னுட்டார். ராஜா உடனே எழுந்துட்டார். "தினம் நெருப்போட பொழங்குறவ அந்த வளையல்காரி, அவளைக் கேட்போம்"னு ஜோசியரையும் கூட்டிக்கிட்டு அவ வீட்டுக்கே வந்துட்டார்.

முத நாள் பொம்மக்கா அண்ணாந்து பார்த்தா. "ராஜா, என் உலை சிவப்பா இருந்தா சூடு பத்தலன்னு இன்னும் துருத்தி போடுவேன். வெள்ளையானாத்தான் நல்ல சூடு. இந்த நட்சத்திரம் பார்க்கத்தான் கோவமா இருக்கு, மத்ததைவிடச் சூடு கம்மி"ன்னா. ராஜா, "அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு"ன்னார்.

ரெண்டாம் நாள் அவ பனையோலையில மெல்லிசா ஒரு கீறல் போட்டு, உலைவாய்க்கு எதிர்ல நின்னு, மூணு பக்கமும் பட்டை தீட்டின ஒரு கண்ணாடித் துண்டு வழியா நட்சத்திரத்தைப் பார்த்தா. வெளிச்சம் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு வரிசையா பிரிஞ்சுது. நடுவுல பளீர்னு ஒரு மஞ்சக் கோடு. அவளுக்குத் திக்குனு ஆச்சு. ஏன்னா, வளையலுக்குப் போடுற உவர்மண்ணு நெருப்புல பட்டா அதே மஞ்சக் கோடுதான் வரும். ஒவ்வொரு பொருளும் வெளிச்சத்துல தன் கோட்டைப் போட்டுத் தன்னைக் காட்டிக் கொடுத்துடும். இவ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாளா? "என் உலையில எரியறதேதான் அங்கயும் எரியுது ராஜா"ன்னுட்டா. ஜோசியர் கெட்டியா பிடிச்சுக்கிட்டார். "கேட்டீங்களா, சொந்த நெருப்பைத் தேடி வருது. நாளைக்கு உலையை அணைச்சுட்டு, ஊரே மலை தாண்டிப் போயிடணும்." ராஜாவும் தலையாட்டிட்டார்.

நிறைமாசக்காரி எப்படி மலை ஏறுவா? நாச்சி, "என்னால முடியாதும்மா, நீ போயிடு"ன்னா. "என் வாயாலதானே இவ்வளவும்"னு பொம்மக்கா தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. பயமா இருக்கா? கையைக் குடு.

மூணாம் நாள் சாயங்காலம், தடதடன்னு நாலு சேவகங்க குடம் குடமா தண்ணியோட வந்துட்டாங்க. பின்னாலயே ராஜா. உள்ள நாச்சிக்கு இடுப்பு வலி கண்டுடுச்சு. "ஒரே ஒரு தரம் பார்த்துக்கறேன் ராஜா"ன்னு பொம்மக்கா கண்ணாடியை எடுத்தா. அப்போ ஒரு சேவகன் உலைவாயை மறைச்சு நின்னான். மஞ்சக் கோடு காணோம். நகர்ந்தான், வந்துடுச்சு. அடப் பாவமே, நேத்துப் பார்த்த கோடு நட்சத்திரத்தோடது இல்ல, அவ உலையோடது. கீறல்ல ரெண்டு வெளிச்சமும் சேர்ந்து விழுந்திருக்கு.

அப்புறம் உத்துப் பார்த்தா, மஞ்சக் கோட்டை ஒட்டி ஒரு கருங்கோடு. உலையை மறைச்சாலும் அது மறையல. அதுதான் நட்சத்திரம் போட்ட கோடு, அதைச் சுத்தின புகை அந்த மஞ்சளை முழுங்கினதால கருப்பா தெரியுது. உவர்மண்ணுல உள்ளது அங்கயும் இருக்கு, ஆனா கோடு மயிரிழை தள்ளி நிக்குது.

எந்தப் பக்கம் தள்ளி? அதுலதான் விஷயமே. ரயில் வர்றப்போ கீச்சுனு ஊதும், தாண்டினதும் அதே ஊதல் தாழ்ந்து கட்டையா கேக்கும், கேட்டிருக்கேல்ல? வெளிச்சமும் அப்படித்தான். கிட்ட வர்றதோட கோடு நீலத்துப் பக்கம் ஒதுங்கும், விலகிப் போறதோடது சிவப்புப் பக்கம் ஒதுங்கும். பொம்மக்கா வீட்ல அம்மா மகளுக்குச் சொல்லி வந்த சங்கதி இது. சேவகன் குடத்தைச் சாய்ச்சுட்டான். சளக்குனு ஒரு வாய்த் தண்ணி தரையில விழுந்துடுச்சு.

"நிறுத்துப்பா"ன்னா பொம்மக்கா. "ராஜா, நீங்களே பாருங்க. கருங்கோடு மஞ்சக் கோட்டுக்கு நீலத்துப் பக்கம் நின்னா கிட்ட வருது, சிவப்புப் பக்கம் நின்னா விலகிப் போகுது. உலை அணைஞ்சா மஞ்சக் கோடு போயிடும், அப்புறம் எதை வெச்சு அளப்பீங்க?"

ராஜா குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உள்ள நாச்சி, "அம்மா"ன்னு கத்தினா. ம்?

"சிவப்புப் பக்கம்"னார் ராஜா. "அப்போ ஏன் பெருசாகுது?"

"போற போக்குல பால் மாதிரி பொங்குது. தானா அடங்கிடும்."

ராஜா துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். சேவகங்க குடத்தைக் காட்டிக் கேட்டாங்க, "அப்போ இந்தத் தண்ணிய என்ன பண்றது?"

"உலை மேல வைங்க. பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நி வேணும்"னு சொல்லிட்டு பொம்மக்கா உள்ள ஓடினா. தண்ணி சுடறதுக்குள்ள, குவா குவான்னு சத்தம் கேட்டுடுச்சு.

நட்சத்திரம் அது வழிய பார்த்துப் போச்சு, பிள்ளை பால் குடிச்சுத் தூங்கிடுச்சு, கதையும் கண்ணை மூடிக்கிச்சு. நீயும் மூடு.