மூன்று நாள் தேய்த்த கறை

“போன கறையைத் திரும்ப வரவைக்க என்ன வழி, வாத்தியாரம்மா?”

கேட்டவர் சுயம்புலிங்கம். வயசு அறுபத்திரண்டு.

பேச்சித்தாய்க்கு வயசு நாற்பத்தொன்று. புளியங்குடிக்கு மேற்கே ஒரு நாற்றுப் பண்ணையில், எலுமிச்சைக் கன்றுக்கு மொட்டு கட்டுகிற வேலை.

அவள் நிமிரவில்லை. தண்டில் கீறினாள். தோலை நெம்பினாள். மொட்டைச் செருகினாள்.

“கறைய எடுக்கத்தான் வழி கேப்பாங்க அண்ணாச்சி.”

“எடுத்துட்டேனே. அதான் இப்ப சிக்கல்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே மடக்குக் கத்தி. எருமைக் கொம்புப் பிடி. நகம் போட்டு அலகைத் திறந்தார்.

காலை வெயில் அலகில் பட்டு அவள் முகத்தில் அடித்தது.

பேச்சித்தாய் கையிலிருந்த மொட்டைக் கீழே வைத்தாள்.

“ஆத்தாடி. ஊர்சுத்தியா இது?”

“அதேதான்.”

புளியங்குடியில் மடக்குக் கத்திப் பைத்தியங்கள் ஆறு பேர் உண்டு. மாசத்தில் இரண்டாவது ஞாயிறு கூடுவார்கள். சேர்த்து வைத்த கத்தியை எல்லாம் சாக்கில் பரப்புவார்கள். ஒருத்தர் கத்தியை இன்னொருத்தர் மடக்கிப் பார்ப்பார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பாதிப் பேர் வருவது.

ஊர்சுத்தி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. லாரி வில்லுப் பட்டையை அடித்துச் செய்த அலகு. எதை வெட்டினாலும் கறை பிடித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு மாசம் பையில் இருக்கும். அடுத்த கூட்டத்தில் கை மாறும்.

பேச்சித்தாய் கத்தி சேர்ப்பவள் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அவள் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கமிஷன் கடைக் கோமதிநாயகத்தின் கட்டைவிரலில் துணிக்கட்டு இல்லாமல் பார்க்க முடிந்தது. அன்றிலிருந்து அவள் வாத்தியார்.

“என்ன போட்டுத் தேய்ச்சீங்க?”

“உப்புத்தாள். அப்புறம் பித்தளை விளக்குத பொடி. கடைசியா பல் விளக்குத பேஸ்ட்டு.”

“ஏன்?”

சுயம்புலிங்கம் வரப்பில் உட்கார்ந்தார்.

“முப்பத்தொரு வருசம் ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி கழுவுனவன் நான். ஒரு புள்ளி இருந்தாலும் டாக்டரு தட்டோட தூக்கி எறிவாரு. போன மாசம் இது என் கைக்கு வந்தப்ப எல்லாரும் சுத்தி நின்னு காட்டுனாங்க. இது காசிம் பாய் கறை, இது வெயிலுமுத்து கறை, இது சூசை கறைன்னு.”

“ஆமா.”

“யாரு யாரு கழுவாம வச்சிருக்காங்கன்னு குத்தம் சொல்லுதாங்கன்னு நெனச்சேன் வாத்தியாரம்மா. புதுசா வந்த ஆளு, நம்மளாவது சுத்தம் பண்ணிக் குடுப்போம், சந்தோசப்படுவாங்கன்னு...”

பேச்சித்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“சிரிக்காதீங்க. நேத்து சாயங்காலம் ஆட்டோ வெயிலுமுத்து போன் போடுதான். ‘அண்ணாச்சி, பாய் கறை பத்திரமா இருக்கா? நாளைக்கு முதல்ல அதைத்தான் பாக்கணும்’ங்கான். எனக்கு வேர்த்துப் போச்சு.”

“அப்புறம்?”

“விடிஞ்சதும் எலுமிச்சைச் சாறைப் பஞ்சுல தொட்டுப் புதுசா ஒண்ணு வரைஞ்சு பாத்தேன்.”

“வந்துச்சா?”

“பல்லி எச்சம் மாதிரி வந்துச்சு. அதையும் தேய்ச்சிட்டேன்.”

இந்த முறை அவள் வாய்விட்டே சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

“என்னையக் கூட்டத்துல இருந்து எடுத்துருவாங்களா?”

அவள் மொட்டு கட்டுகிற கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

“ரிட்டயர் ஆகி ரெண்டு வருசம் ஒருத்தன் என்னைத் தேடல. மாசியிலதான் இவங்க சேத்துக்கிட்டாங்க. இவங்க அஞ்சு பேரும் கூப்பிடலைன்னா என் போன்ல சார்ஜே எறங்காது.”

பேச்சித்தாய் எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள். எக்ஸெல் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள்.

“நேரமாச்சு. ஏறுங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?”

“ஏறுங்க அண்ணாச்சி.”

ஏறினார். சிஷ்யர் பின்னால், வாத்தியார் முன்னால். வழியெல்லாம் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

*

கோமதிநாயகத்தின் எலுமிச்சைக் கமிஷன் கடை. ஞாயிறு லீவு. தரையெல்லாம் காய் வாசம்.

சாக்கை விரித்தாயிற்று. டெய்லர் சூசை தன் ரெட்டை அலகுக் கத்தியை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். “கேளுங்க, கேளுங்க. டக்! தாழ்ப்பாள் விழுந்த மாதிரி இல்ல?” ரேஷன் கடைக்காரரும் போட்டோ ஸ்டூடியோக்காரரும் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார்கள்.

வெயிலுமுத்துவுக்கு அது எதிலும் மனசில்லை. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டிருந்தான். இன்றைக்கு ஊர்சுத்தி அவன் முறை.

“அண்ணாச்சி வந்துட்டாங்க. எடுங்க, எடுங்க.”

சுயம்புலிங்கம் மடக்கியபடியே நீட்டினார். திறந்த கத்தியை நீட்டுவது அங்கே வழக்கமில்லை.

வெயிலுமுத்து வாங்கித் திறந்தான்.

ஒரு பக்கம் பார்த்தான். திருப்பினான். மறுபக்கம் பார்த்தான். மறுபடியும் திருப்பினான்.

“பாய் எங்க?”

சூசை தன் கத்தியை மடக்குவதை நிறுத்தினான்.

“அண்ணாச்சி. காசிம் பாய் எங்க?”

“தேய்ச்சிட்டேன்” என்றார் சுயம்புலிங்கம்.

காசிம் பாய் இந்தக் கூட்டத்தில் மூத்தவர். மார்கழியில் ஊர்சுத்தி அவரிடம் இருந்தது. நெல்லிக்காய் வெட்டி வெட்டித் தின்றார். தையில் கைமாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் நெஞ்சு வலியில் போய்விட்டார். அலகில் இருந்தது அவர் வெட்டிய நெல்லிக்காயின் கறை.

கோமதிநாயகம் கத்தியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்னவே இது, மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணலாம் போல இருக்கு. நம்ம ஒருத்தரையும் விட்டு வைக்கலையே நீரு?”

“தெரியாமப் பண்ணிட்டேன்.”

“என்னத்தத் தெரியாம?” வெயிலுமுத்துவின் குரல் ஏறியது. “பாய் வீட்டுக்குப் போனா போட்டோகூட மாட்டலை. வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான் அண்ணாச்சி. அஞ்சு மாசமாக் காத்துக்கிட்டிருக்கேன்.”

எழுந்துவிட்டான். ஒரு கால் செருப்பையும் போட்டுவிட்டான்.

“வெயிலு” என்றாள் பேச்சித்தாய்.

“என்ன வாத்தியாரே?”

“பாய் கறை எந்த இடத்துல இருந்துச்சு?”

“நுனியில.”

“நுனியிலயா?” கோமதிநாயகம் தலையை ஆட்டினார். “அடியிலடே. பிடிகிட்ட.”

“ரெண்டு பேரும் எந்தக் கத்தியப் பாத்தீங்க?” என்றான் சூசை. “நட்ட நடுவுல. சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமா.”

“வட்டமா? நீளம்லா அது!”

“நீளமா இருந்தது உம்ம எலுமிச்சைக் கறை.”

“ஏ, என் கறை எனக்குத் தெரியாதா?”

கடைக்குள் சத்தம் கூடிவிட்டது. ரேஷன் கடைக்காரர் தரையில் விரலால் கத்தியை வரைந்தார். போட்டோக்காரர் அதை அழித்துவிட்டு வேறு மாதிரி வரைந்தார். வெயிலுமுத்து ஒற்றைச் செருப்போடு திரும்ப உள்ளே வந்து, அதையும் அழித்தான்.

பேச்சித்தாய் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நகம் போட்டுத் திறக்குத பள்ளம் இருக்குல்லா, அதுக்கு நேர் கீழ. சுண்டுவிரல் நகம் பெருசு. நடுவுல மைக் கருப்பு, ஓரம் பூரா நீலம். வாத்து ஒண்ணு படுத்திருக்கது மாதிரி. கழுத்தை நுனிப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கும்.”

வெயிலுமுத்து கண்ணை மூடினான்.

“ஆமா” என்றான். “நான் கோழின்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“வாத்துதான் தம்பி. வாய் தட்டையா இருக்கும்.”

சூசை முழங்காலால் நகர்ந்து பக்கத்தில் வந்தான்.

“என் கறை, அண்ணாச்சி?”

“வாழைப்பூவா உங்களது? பழுப்பு. மழை ஒழுகுன சுவரு மாதிரி எறங்கியிருக்கும். போக ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.”

“ஒண்ணரை மணி நேரமா!” சூசை நெஞ்சை நிமிர்த்தி எல்லாரையும் பார்த்தான்.

“என்னது வே?” என்றார் கோமதிநாயகம்.

“எலுமிச்சை. ரெண்டு கோடு. சாய்ஞ்சிருக்கும். ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்ச்சேன்.”

“பாத்துக்கிடுங்கடே. ஒரு சாயங்காலம்!”

வெயிலுமுத்துவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அப்ப என்னது?”

“வெங்காயம். கால் மணி நேரம்.”

“கால் மணி நேரந்தானா?”

“நல்லாத் தேய்ச்சா பத்து நிமிசம்.”

கடை சிரித்தது. வெயிலுமுத்து முறைத்தான். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

“பாய்?” என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது.

“மூணு நாள்.”

சிரிப்பு நின்றது.

“வியாழக்கிழமை உப்புத்தாள் போட்டேன். அசையல. வெள்ளிக்கிழமை பித்தளைப் பொடி. கழுத்து போச்சு, ஓரம் போச்சு, ஒடம்பு அப்படியே உக்காந்திருக்கு. நேத்து மத்தியானம் வரைக்கும் பேஸ்ட்டு. என் கை மரத்துப்போச்சு தம்பி. நான் அந்த மனுசரைப் பாத்ததே இல்ல. ஆனா, போகவே மாட்டேன்னுட்டாரு.”

ரேஷன் கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

சூசை மெதுவாகச் சொன்னான்: “உசிரோட இருந்தப்பவே அவரை டீக்கடை பெஞ்சுல இருந்து கிளப்ப நாலு ஆளு வேணும்.”

முதலில் வெடித்தது வெயிலுமுத்துதான். சாக்கில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். “மூணு நாளு! ஆபரேஷன் தியேட்டர்காரரு மூணு நாளு மல்லுக்கட்டியிருக்காரு!” கோமதிநாயகத்துக்குப் புரையேறியது. போட்டோக்காரர் அவர் முதுகில் தட்டினார்.

சுயம்புலிங்கத்துக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முழுசாகப் பிடிபடவில்லை. இருந்தாலும் அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

சட்டை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலுமுத்து கத்தியைத் தேடினான். அது கோமதிநாயகத்திடமிருந்து சுற்றி, மடங்கி, சுயம்புலிங்கத்தின் முன்னால் வந்து கிடந்தது.

“சரி அண்ணாச்சி. போனது போச்சு. குடுங்க, என் முறை.” கையை நீட்டினான். “என்ன வெட்டுனீங்க? அதைச் சொல்லிட்டுக் குடுங்க.”

அதுவும் வழக்கம்தான். கை மாற்றுகிறவர் அந்த மாசம் வெட்டியதைச் சொல்ல வேண்டும். ஒருத்தர் கொய்யா என்பார். ஒருத்தர் மூட்டைக் கயிறு என்பார்.

சுயம்புலிங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

“ஒண்ணும் வெட்டல.”

“சும்மா சொல்லுங்க. ஒரு பழமாவது...”

“ஒண்ணுமே வெட்டல தம்பி. அழுக்காயிருமேன்னு பயம்.”

“முப்பது நாளா?”

“துணியில சுத்திப் பையில வச்சிருந்தேன். கடைசி வாரம் தேய்ச்சேன்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. தேய்த்ததைக்கூட அவர்களால் தாங்க முடிந்தது. ஊர்சுத்தி ஒரு மாசம் முழுக்கச் சும்மா இருந்தது என்பது இதுவரை அவர்கள் கேள்விப்படாத சங்கதி.

சூசை கோமதிநாயகத்தைப் பார்த்தான். கோமதிநாயகம் கூரையைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் பேச்சித்தாயைப் பார்த்தார்கள்.

சுயம்புலிங்கம் எழுந்துகொள்ளத் தரையில் கை ஊன்றினார்.

“நான் கிளம்புதேன் வாத்தியாரம்மா.”

“உக்காருங்க. ஒண்ணு கேக்கணும்.”

உட்கார்ந்தார்.

“உங்க மாசம் என்னைக்கு ஆரம்பிச்சுது?”

“போன ரெண்டாவது ஞாயித்துக்கிழமை.”

“எதை வெட்டி?”

சுயம்புலிங்கம் மடங்கிக் கிடந்த கத்தியைப் பார்த்தார்.

“அப்ப இன்னும் ஆரம்பிக்கலை” என்றாள் பேச்சித்தாய்.

வெயிலுமுத்து நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தான். கத்தியைப் பார்த்தான். சுயம்புலிங்கத்தைப் பார்த்தான். பெருமூச்சு ஒன்று விட்டான். ஒற்றை விரலால் ஊர்சுத்தியை அவர் பக்கமே தள்ளிவிட்டான்.

“அடுத்த மாசம் வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. நல்லா அழுக்கா வேணும் எனக்கு.”