சாப்பாட்டுப் பெட்டி வராத ரயில்

ஆவுடையப்பனிடம் பொம்மை ரயில் என்று சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். மாடல் ரயில் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மெயில் வண்டியின் பெட்டிகளைச் சின்ன உருவில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, இன்ஜினுக்குப் பின்னால் கோத்து, மேசைமேல் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார். ஒரு தடவைகூட ஓட்டியதில்லை.

மடத்துச் சாமி அவரைவிட வயதில் இளையவர். ஒரு நாள் ஆவுடையப்பன் அவரிடம் போய் நின்றார்.

“சாமி, மனசே சரியில்லை. சாப்பாட்டுப் பெட்டி மட்டும் கிடைக்க மாட்டேங்குது. அது வந்தாத்தான் வண்டி முழுசாகும். வீட்டுல என் சம்சாரம் காந்திமதி வேற, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கன்னு உயிரை எடுக்கிறா.”

“அம்மாவுக்கு என்ன அவசரம்?”

“கண்ணு மங்கிக்கிட்டே வருது. டாக்டர் கையை விரிச்சிட்டார்.”

சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றியே பேசினார். அந்த மனுஷனை என்ன சொல்ல!

சாமி அவருடனேயே கிளம்பி வீட்டுக்கு வந்தார். மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

“நிஜ ரயில் முழுசா வந்துச்சான்னு எப்படிய்யா தெரியும்?”

“கடைசிப் பெட்டியோட முதுகுல பெருக்கல் குறி இருக்கும். ஸ்டேஷன்ல நிக்கிறவர் அதைப் பார்த்துட்டா, நடுவுல எதுவும் கழண்டு போகலைன்னு அர்த்தம். வண்டி முழுசா வந்தாச்சு.”

“இதுல குறியைக் காணோமே?”

“எப்படிப் போடுறது சாமி? இன்னும் பெட்டி வரணுமே!”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காந்திமதியிடம் சாமி வெற்றிலைப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். சுண்ணாம்பை விரலில் தொட்டு, கடைசியாக நின்ற பெட்டியின் முதுகில் குறுக்காக இரண்டு கோடு இழுத்தார்.

“ஐயையோ! பெயின்ட் போச்சே!”

“ஓட்டுங்க.”

ஆவுடையப்பன் சுவிட்சைப் போட்டார். காந்திமதி மூக்கு மேசையில் உரசும்படி குனிந்திருந்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தைத் தாண்டிப் போயின. வெள்ளைக் குறி கண்ணில் பட்டதும் கைதட்டிச் சிரித்தாள்.

“வந்திருச்சுங்க! முழுசா வந்திருச்சு!”

அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! ஆவுடையப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓடுகிற வண்டியைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“சாப்பாட்டுப் பெட்டி இல்லாம எப்படி சாமி முழுசாகும்?”

“என்னைக் கேட்டா? ஸ்டேஷன்ல நிக்கிறது அவங்க.”