சடையன் இறுக்கிய ரீல்

அலையாத்திக் காட்டு மீன்பூனைகளுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. மாப்பிள்ளை ஆக விரும்புகிறவன், கடலும் காயலும் சேரும் கழிமுகத்துக்குப் போய் ஒரு கொடுவா மீனைப் பிடித்து வர வேண்டும். அதுவும் மீசை நனையாமல்! அப்படிக் கொண்டு வருகிறவர் சொல்வதே கல்யாணத்தில் முடிவு. தண்ணீரில் பாய்ந்து மீனைக் கவ்வ எந்தப் பூனைக்கும் தெரியும். மீசை நனையாமல் பிடிக்கத்தான் புத்தி வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

சடையன் என்ற பூனை, செவந்தி என்ற பூனையின் மேல் உயிரையே வைத்திருந்தான். நல்லவன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். பெண் கேட்டுப் போனதும் செவந்தியின் அப்பா கரியப்பன் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள்தான். மீசை நனைஞ்சா, திரும்பி இந்தப் பக்கமே வரக் கூடாது!"

"கொடுவாவா? இந்தக் காட்டுல இருக்கறதுலயே பெரிசாக் கொண்டாந்து போடறேன் மாமா!" என்றான் சடையன். அதற்குள்ளேயே மாமா ஆகிவிட்டார்!

காட்டில் ஒரு கயாக் படகு இருந்தது. சுற்றிப் பார்க்க வந்த மனிதர்கள் விட்டுப்போனது. ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. தூண்டில் சாமான்களுக்குக் கூழைக்கடா பொன்னையாவிடம் போக வேண்டும். கரை ஒதுங்கும் பொருளையெல்லாம் பொறுக்கித் தன் தாடைப் பையில் போட்டு வைத்திருப்பார். அதுதான் அவர் கடை.

பொன்னையா வாயைத் திறந்து, தூண்டில் நூலைச் சுற்றும் ஒரு சின்ன ரீலை எடுத்து வைத்தார்.

"இதை எடுத்துக்க தம்பி. உப்புத் தண்ணி உள்ள போகாது. கயாக்குக்கு இதுதான் தோது."

"என்னங்க இது, என் பாதம் அளவுகூட இல்லை! பெரிசாக் காட்டுங்க!"

பொன்னையா முக்கி முனகி இன்னொன்றை வெளியே தள்ளினார். பெரிய விசைப்படகில் இருந்து விழுந்த ரீல். தங்க நிறத்தில் மினுமினுத்தது. சடையனுக்குக் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"அது கயாக்குக்கு ஆகாதுப்பா!" என்றார் பொன்னையா. "சரி, எதை எடுத்தாலும் டிராக்கை மட்டும் பார்த்து வை."

டிராக் என்பது ரீலில் உள்ள திருகு. இறுக்கினால் நூல் நகராது. தளர்த்தினால், மீன் இழுக்க இழுக்க நூல் வழுக்கிக் கொடுக்கும்.

"சின்ன ரீல் நூல் ஒன்பது தேங்காய் கனம் தாங்கும். ஆனா மூணு தேங்காய் கனத்துக்கே நூல் வழுக்கணும். அப்படித்தான் டிராக்கை வைக்கணும்."

"மீனுக்கு நூலை விட்டுக் கொடுக்கவா நான் போறேன்? பிடிச்சா பிடிச்சதுதான்!"

சடையன் பெரிய ரீலை எடுத்துக்கொண்டான். நூல் நுனியைக் கரையில் இருந்த மரவேரில் கட்டினான். டிராக்கை முடிந்த மட்டும் இறுக்கினான். காலை ஊன்றிக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தான். நூல் அசையவில்லை.

"பார்த்தீங்களா! அசையுதா?"

"நீ தரையில நிக்கறே, அதான் நீயும் அசையலை," என்றார் பொன்னையா. அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை காடே கரையில் கூடிவிட்டது. சடையன் மீசையை முறுக்கிக்கொண்டு படகில் ஏறினான். கழிமுகத்தில் தூண்டிலைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கொடுவா கவ்வியது. நல்ல பெரிய கொடுவா!

"மாட்டிக்கிச்சு மாமா!" என்று கத்தினான்.

மாட்டியது யார் என்பது அடுத்த நொடியே தெரிந்தது. கொடுவா பக்கவாட்டில் ஓடியது. நூல் ஒரு அங்குலம்கூட வழுக்கவில்லை. அந்தத் தடித்த நூல் அறுந்தும் தொலையவில்லை. ஊன்றிக்கொள்ளத் தரையும் இல்லை. படகு சாய்ந்தது. "விடு! விடு!" என்று கரையில் இருந்து எல்லாரும் கத்தினார்கள். தங்க ரீலை விட மனசு வருமா? படகு குப்புறக் கவிழ்ந்தது!

ரீலும் தூண்டிலும் கொடுவாவோடு போயின. சடையன் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தான். மீசையின் ஒவ்வொரு முடியிலும் தண்ணீர் சொட்டியது.

"அவ்வளவுதான். கிளம்பு!" என்றார் கரியப்பன்.

சடையன் செவந்தியைப் பார்த்தான். பாவம், அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

அப்போது செவந்தி முன்னால் வந்தாள்.

"அப்பா, மீசை நனையாம கொடுவாவைக் கொண்டு வர்றவங்க சொல்றதுதானே கல்யாணத்துல முடிவு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எனக்கும் மீசை இருக்கு!"

கரியப்பன் பதில் யோசிப்பதற்குள் அவள் பொன்னையாவிடம் சின்ன ரீலையும் வேறொரு தூண்டிலையும் வாங்கிவிட்டாள். நூல் நுனியில் மூன்று தேங்காயைக் கட்டித் தூக்கிப் பார்த்தாள். நூல் மெல்ல வழுக்கும் வரை டிராக்கைத் தளர்த்தினாள். பிறகு துடுப்புப் போட்டுப் போனாள்.

கொடுவா கவ்வியது. ஓடியது. கிர்ர்ர் என்று ரீல் கத்த, நூல் ஓடியது. செவந்தி ஓடவிட்டாள். படகின் மூக்கை மட்டும் மீன் போகிற பக்கமே திருப்பி வைத்துக்கொண்டாள். மீன் படகையும் சேர்த்து இழுத்து இழுத்துக் களைத்துப்போனது. அது நின்றபோதெல்லாம் அவள் சுற்றினாள். ஓடியபோதெல்லாம் விட்டாள். கடைசியில் கொடுவா படகோரம் வந்து வாயைப் பிளந்தது.

கரையில் மீனைப் போட்டாள். மீசை காய்ந்த வைக்கோலாக நீட்டிக்கொண்டிருந்தது.

"சரி, சொல்லும்மா," என்றார் கரியப்பன். "யார் மாப்பிள்ளை?"

செவந்தி சடையனைப் பார்த்தாள். 'வேற நல்ல ரீல் கிடைச்சிருந்தா நானே பிடிச்சிருப்பேன்!' என்று சொல்ல அவன் நாக்கு துடித்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டான். ஆனால் தொண்டை வரை வந்ததை அப்படியே முழுங்கினான்.

"நான் இறுக்குனது தப்பு. உனக்குத்தான் தெரிஞ்சிருக்கு செவந்தி," என்றான்.

"இவர்தான் அப்பா!" என்றாள் செவந்தி.

காலுக்குக் கீழே இருப்பது தரையா தண்ணீரா என்று பார்த்து, இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்து, விட வேண்டிய நேரத்தில் விடுகிறவருக்கே நினைத்தது கிடைக்கும்.