மாப்பிள்ளைக் காரில் எரிந்த விளக்கு

கிடாரங்கரைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது வெறும் வயிற்றெரிச்சல். மூளை எல்லாருக்கும் இருக்கிறது. கண்டபடி உபயோகித்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. குற்றம் அவன் மேல் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனை இந்தக் காலத்தில் யார் மதிக்கிறார்கள்? முதல் வரன் பார்க்கப் போனபோது, "வெறுங்கையோட போகாதீங்க" என்றார் தரகர். தாய்மாமன் நல்லபெருமாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். பெரியப்பா மகன் மாசானம் அரிவாளை எடுத்துக்கொண்டான். ஆவுடையப்பனுக்குக் கடப்பாரை மிஞ்சியது. பெண் வீட்டார் பின்வாசல் வழியாக ஓடிப்போனார்கள்.

இரண்டாவது இடத்தில், "பொண்ண நல்லாப் பாத்துக்கோ, அப்புறம் சரியாப் பாக்கலன்னு சொல்லாத" என்றார்கள். அவன் காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரம் வரை கண் கொட்டாமல் பார்த்தான். பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

மூன்றாவதாக அமைந்ததுதான் செம்மண்விளை சம்பந்தம். முகூர்த்தம் காலை பத்தரைக்குள். பெண்ணின் அப்பா ஆறுமுகநயினார் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "நேரம் தப்பக் கூடாது. தப்பிச்சுன்னா கல்யாணம் இல்ல." இதுவும் போய்விட்டால் எந்தத் தரகரும் இனிமேல் கிடாரங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். இது ஆவுடையப்பனுக்கே புரிந்திருந்தது என்றால், விஷயம் எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் பழைய காரில் புறப்பாடு. முந்தின நாளே மாமா மாசானத்திடம், "ஏல, கார்ல எல்லா நட்டும் இறுக்கமா இருக்கான்னு பாத்துரு" என்று சொல்லியிருந்தார். மாசானம் பொறுப்பானவன். ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்த்தான். எல்லாமே இறுக்கமாகத்தான் இருந்திருந்தன. அந்தத் திருப்தியில் எல்லாவற்றையும் கையாலேயே திருகி மாட்டிவிட்டுத் தூங்கப் போனான்.

மாசானம் ஓட்ட, பக்கத்தில் மாமா. பின்னால் பட்டு வேட்டியில் ஆவுடையப்பன், அவனருகே சீர்த்தட்டோடு மாமாவின் சம்சாரம் உலகம்மாள் அத்தை. ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. கெண்டி மாதிரி ஒரு படம். அதற்கு ஒரு மூக்கு. மூக்கின் நுனியில் ஒரு சொட்டு. ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது, உடனே இன்ஜினை நிறுத்து என்று கார் கெஞ்சும் பாஷை அது. யாரிடம் கெஞ்சுகிறோம் என்பது பாவம், அதற்குத் தெரியாது.

"மாமா, இங்க ஒரு வெளக்கு எரியுது" என்றான் மாசானம்.

"நீ ஏத்துனியால?"

"என் ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருக்கு."

"உலகம்மா, நீ?"

"நான் தட்டுல்லா பிடிச்சிருக்கேன்."

மாமா நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்ப தானா எரியுது."

அத்தை தட்டை மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் யாரும் ஏற்றாமலே விளக்கு எரிகிறது. இதைவிட என்ன சகுனம் வேண்டும்? ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தத் தடவை கல்யாணம் நடந்தே தீரும் என்று நம்பினான்.

சற்று நேரத்தில் இன்ஜினுக்குள் டக் டக் டக் என்று சத்தம் கேட்டது.

"தவிலும் வந்துட்டு" என்றார் மாமா.

அத்தைக்கு மட்டும் ஒரு கவலை. "ஏங்க, அந்த மூக்குல ஒரு சொட்டுதான் தொங்குது. எண்ணெ தீந்துட்டுன்னு நெனைக்கேன். வெளக்கு நின்னுட்டுன்னா?"

அந்தக் குடும்பத்தில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். காரை ஓரம் கட்டினார்கள். இன்ஜினை அணைத்தால் தவில் நின்றுவிடும் என்பதால் அதை ஓடவிட்டே முன்பக்கத்து பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே ஒரு திருகு மூடியின் மேல் அதே விளக்குப் படம்! அத்தை சீர்த்தட்டிலிருந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மூன்று முறை சுற்றிவிட்டு ஊற்றினாள். மேலே ஊற்றியது கீழே ரோட்டில் வந்து விழுந்தது.

"போதும்னு திருப்பிக் குடுக்கு" என்றார் மாமா. மாசானம் கீழே ஒரு சொம்பை வைத்துப் பிடித்தான். நல்லெண்ணெய் விற்கிற விலையில் வீணாக்கலாமா?

நல்லவேளை, எதிரே ஒரு ஒர்க்‌ஷாப். அந்தச் சத்தத்தைக் கேட்டு மெக்கானிக் காதர் மைதீன் சோற்றுக் கையோடு ஓடிவந்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"யாருவே வண்டிய ஓட்டுனது? ஆயில் பிரஷர் சுத்தமா இல்ல!"

"கொறஞ்ச பிரஷருக்கு உப்புத்தண்ணி குடுத்தா சரியாப் போயிரும், தம்பி" என்றாள் அத்தை பரிவோடு.

காதர் மைதீன் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி மாசானத்திடம் கொடுத்து, "இதத் தொடச்சு உள்ள விட்டுப் பாரும்" என்று சொல்லிவிட்டுக் காருக்கடியில் படுத்தார். மாசானம் துடைத்தான், உள்ளே விட்டான், பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னவே தெரியுது?"

"உள்ள போயிருக்கு, அண்ணாச்சி."

மெக்கானிக் அதன் பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஆயில் தொட்டியின் அடிநட்டு வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. ஆயில் முழுவதும் ரோட்டோடு போயிருந்தது. அவரே புது நட்டுப் போட்டு முறுக்கினார். கொஞ்சம் ஆயில் விட்டு நல்லெண்ணெய் வாடையைக் கழுவி இறக்கினார். பிறகு அளவாகப் புது ஆயில் ஊற்றி, ஒரு மீட்டரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். முள் எழும்பி நின்றது. டக் டக் அடங்கியது.

"பம்பு தப்பிச்சுது, பேரிங்கும் தப்பிச்சுது. உங்க நல்ல நேரம்" என்று மீட்டரைக் கழற்றினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், மண்டையில ஏத்திக்கிடுங்க. அந்தச் செவப்பு வெளக்கு எரிஞ்சா இன்ஜின் ஓடக் கூடாது. என்ன ஆனாலும் ஓடக் கூடாது."

நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் கிடாரங்கரைக்காரர்களைக் குறை சொல்லவே முடியாது. மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது. செம்மண்விளை பத்து நிமிஷ ஓட்டம்.

அடுத்த வளைவில் அத்தை வீறிட்டாள். "ஐயோ, வெளக்கு மலையேறிட்டு!"

மாசானம் பிரேக்கில் ஏறி நின்று, சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"அந்த மெக்கானிக் என்னத்தையோ ஊத்தினான், அப்பந்தான் போச்சு" என்றார் மாமா. "எண்ணெ ஊத்தி நின்ன வெளக்க இப்பதான் பாக்கேன்."

"நட்டக் கழத்தி, அவன் ஊத்துனத எறக்கிருவமா, மாமா?" என்றான் மாசானம். கழற்றுவதில் அவனுக்கு ஒரு தேர்ச்சி வந்திருந்தது.

"பேசாம ஓட்டிட்டே போயிருவோமே, நேரம் ஆகுதுல்லா" என்றான் ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி.

"நின்னுபோன வெளக்கோடயா? தாலி கட்டப் போறியா, செத்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போறியால?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி முயற்சியாக முன்னால் எக்கி, சாமியை வேண்டிக்கொண்டு சாவியைக் கொஞ்சமாகத் திருப்பினான். இன்ஜின் ஓடவில்லை. ஆனால் விளக்கு எரிந்தது!

ஓடாத இன்ஜினில் சாவியைத் திருப்பினால் அது எரியத்தான் செய்யும். எந்தக் காரிலும் எரியும். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மாசானம் இன்ஜினை ஓடவிட்டான், விளக்கு போயிற்று. நிறுத்திச் சாவியைத் திருப்பினான், விளக்கு வந்தது.

மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "வெளக்கு எரிஞ்சா இன்ஜின் ஓடக் கூடாதுன்னு அந்தப் புண்ணியவான் அப்பவே சொன்னாம்லா. நமக்குத்தான் உறைக்கல. எறங்குங்கல, தள்ளுவோம்."

மாசானம் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாமாவும் மாப்பிள்ளையும் பின்னால் தள்ளினார்கள். அத்தை முன் சீட்டுக்கு மாறி, கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, காற்றில் அணையாதபடி விளக்கைச் சுற்றிக் கை குவித்துக்கொண்டாள். ஒற்றை விளக்கு ஆகாதென்று முன்விளக்குகள் இரண்டையும் போடச் சொன்னாள். வெயில் கொளுத்தியது. வழியில் செம்மண்விளை பஸ் ஒன்று நின்றது. "மாப்ளயாச்சே, ஏறுங்க அண்ணாச்சி, அஞ்சு நிமிஷத்துல எறக்கி விட்டுருதேன்" என்றார் கண்டக்டர்.

"பஸ்ல வெளக்கு எரியுதா?" என்று மாமா கேட்டார்.

"பட்டப்பகல்ல எதுக்கு?"

"அப்ப வேண்டாம்" என்றார் மாமா. ஆவுடையப்பன் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே தள்ளினான். அவன் கைக்கடிகாரத்தில் பத்தரை வந்தது, பிறகு பதினொன்று வந்தது. கட்டாத தாலி சட்டைப் பையில் கனத்தது. வேர்வையோடு கண்ணீரும் வழிந்தது, எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை.

மண்டபத்து வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டு. அந்த நேரம் பார்த்து பேட்டரி செத்து, மூன்று விளக்குகளும் மங்கி அடங்கின. அத்தை ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஆவுடையப்பன் ஓடிப்போய்ப் பெண்ணின் அப்பா காலில் விழுந்தான்.

"மாமா, நேரம் தப்பிட்டு. மன்னிச்சுக்கிடுங்க."

"யாரு தப்பிட்டுன்னு சொன்னது?" என்றார் ஆறுமுகநயினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்து இருபது. மூடியிருந்த கையைப் பெருமையோடு விரித்தார். உள்ளங்கையில் ஒரு பென்சில் செல். "நீங்க வரலன்னதும் இதக் கழத்தி நேரத்த நிறுத்திப்புட்டேன். ஐயருதான் ஒத்துக்கிடாம மயங்கிக் கெடக்காரு. அது கெடக்கட்டும், உங்க அத்த எதுக்கு அழுதாவ?"

விளக்கு நின்ற கதையைச் சொன்னார்கள். "பேட்டரிதான? இந்தாங்க, இது சும்மாதான் இருக்கு" என்று அவர் செல்லை நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போது மணவறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணப் பெண் சண்முகவடிவு எழுந்து நின்றிருந்தாள்.

"அப்பா, குடுக்கதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிக் குடுங்க. அந்தப் பேட்டரிய மாத்தித் திருப்பிப் போட்டுறக் கூடாதுன்னு. போட்டா நேரம் பின்னால ஓடி நேத்தைக்குப் போயிரும். நேத்து சாம்பார் வைக்கல, பந்தியில எதப் போடுவீங்க?"

மண்டபமே அசந்துபோய் அவளைப் பார்த்தது. ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கணம் முகம் வாடி, தாய்மாமன் காதருகே குனிந்தான்.

"மாமா, பொண்ணு ரொம்பப் படிச்சவ போல இருக்கு. நமக்குச் சரிப்பட்டு வருவாளா?"