மந்திரியின் கழுத்தும் பத்து மாங்கன்றுகளும்

நீங்களும் நானும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால், பூவனூர் நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் யாருக்குப் பரிசு கொடுத்தாரோ, அவரையே சாயங்காலம் சிறைக்கு அனுப்பிவிடுவார்.

அவருக்கு மாம்பழம் என்றால் உயிர். அரண்மனைத் தோட்டத்தில் இருபது ஒட்டு மாங்கன்றுகள் வைத்திருந்தார். பத்து கன்றுகள் மந்திரி தில்லைநாயகத்தின் பொறுப்பு. மற்ற பத்தும் தோட்டக்காரி காத்தாயியின் பொறுப்பு.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. மந்திரியின் கன்றுகள் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் வாடின. காத்தாயியின் கன்றுகளோ வாரம் ஒரு தண்ணீரிலேயே தளதளவென்று நின்றன. முன்பெல்லாம் மந்திரியின் தோளில் கைபோட்டு உலாவிய ராஜா, இப்போது காத்தாயியின் வரிசையிலேயே சுற்றிவந்தார். பின்னால் தனியாக நடந்த மந்திரிக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல், "பிரபு, இவள் உங்கள் தோட்டத்தில் குப்பை கொட்டுகிறாள். ஒவ்வொரு கன்றையும் சுற்றிச் சருகும் வைக்கோலும் கிடக்கிறது பாருங்கள்!" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "என்ன இது, காத்தாயி?"

"மூடாக்கு, மகாராஜா. மண் காயாமல் இருக்கப் போட்ட போர்வை. கொஞ்சம் செருப்பைக் கழற்றி மந்திரியாரின் கன்றுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்."

நின்ற ராஜா, "ஐயோ, சுடுகிறதே!" என்று துள்ளினார். அவள் தன் கன்றருகே சருகை விலக்கிக் காட்டினாள். ராஜா அந்த ஈரமண்ணில் கால் வைத்தார். எடுக்க மனம் வரவில்லை. அங்கேயே தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார்.

மந்திரி அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அவள் நாலு விரல் கனத்துக்குத்தானே போட்டாள்? நான் இடுப்பளவு போடுகிறேன்!' மறுநாளே வண்டி வண்டியாக வைக்கோல் வந்தது. ஒவ்வொரு கன்றின் தண்டையும் மூடி, கோபுரம்போல் குவித்துவிட்டார்.

ஐப்பசி மழை கொட்டியது. கார்த்திகையில் மந்திரியின் கன்றுகளில் இலைகள் பழுத்து உதிர்ந்தன.

"பிரபு, காத்தாயி விஷம் வைத்துவிட்டாள்!" என்று சபையில் அலறினார் மந்திரி. "அவள் செய்ததையே நானும் செய்தேன். அவள் கன்று செழிக்கிறது, என் கன்று சாகிறதே!"

ராஜாவின் முகம் சிவந்தது. "காத்தாயி, உன் பக்கம் சாட்சி இல்லையென்றால் இன்றே நாட்டைவிட்டுப் போ."

காத்தாயி கைகூப்பி, "சாட்சி இருக்கிறது, மகாராஜா. மந்திரியாரின் கழுத்துதான் சாட்சி. நனைந்த கம்பளியை அதில் சுற்றுங்கள். பொழுது சாயும்வரை அவர் கழற்றாமல் இருந்தால், விஷம் வைத்தது நானே" என்றாள்.

"இவ்வளவுதானா?" என்று மந்திரி கழுத்தை நீட்டினார்.

ஒரு நாழிகையில் நெளிந்தார். இரண்டாம் நாழிகையில் சொறிந்தார். உச்சிப்பொழுதில், "எரிகிறது, பிரபு! தோல் வெந்துபோகிறது!" என்று கம்பளியைப் பிடுங்கி எறிந்தார்.

"அரை நாளுக்கே இப்படியா, ஐயா?" என்றாள் காத்தாயி. "உங்கள் கன்றுகளின் கழுத்தில் மழைக்காலம் முழுக்க ஈரவைக்கோல் கிடக்கிறதே!"

எல்லோரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். குவியலை விலக்கினால், தண்டுகளின் பட்டை அழுகிக் கொழகொழத்திருந்தது. உள்ளே கரையான். காத்தாயியின் கன்றுகளைச் சுற்றியோ, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே சருகு பரவியிருந்தது. தண்டுக்குக் காற்றுபட்டது.

சிரிப்பை அடக்கமுடியாத ராஜா சொன்னார்: "தில்லைநாயகம், பத்துக் குவியலையும் உம் கையாலேயே பிரித்துப் பரப்பும். இனி தோட்ட அதிகாரி காத்தாயி. நீர் அவளிடம் வேலை கேட்டுச் செய்யும்."

மந்திரி வைக்கோலை வாரினார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "உன்னைப் பார்த்துத்தானே செய்தேன், காத்தாயி. எங்கே தவறினேன்?"

அவள் கீழே குனிந்து அவரோடு சேர்ந்து வாரிக்கொண்டே சொன்னாள்: "என்னைத்தான் பார்த்தீர்கள், ஐயா. கன்றைப் பார்க்கவில்லை."

பத்தில் நாலு கன்றுகள் பிழைத்தன.